மச்சானுக்கு, ஜே. கோலின் மன்னிப்பைப் பற்றி

இணுவில்
ஞாயிறு இரவு

மச்சான்,

உன் மெசேஜ் கிடைத்தது. போனில் தட்டித் தட்டிப் பதில் எழுதினால் கண் போய்விடும், அதனால் கொம்பியூட்டருக்கு முன்னால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இங்கே புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். வெங்காயம் போட்டவர்களுக்கு இம்முறை மழையால் நல்ல அடி. உன் வளவு மாமரம் பூத்துக் கொட்டுகிறது, ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் அந்தப் பக்கக் கொப்பை வெட்டியதைப் பற்றி நீ வந்தபிறகு கதைப்போம், இப்போது சொன்னால் நீ அங்கிருந்தே கத்துவாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மூத்தவன் சாப்பாட்டு மேசையில் உன்னோடு பிடித்த சண்டையை வாசித்துச் சிரித்தேன். ராப் என்றால் அப்படித்தான் அப்பா, அமெரிக்க ராப் பாடகர் ஜே. கோல் அந்த ஓட்டிசம் வரிக்கு மன்னிப்புக் கேட்டதே தேவையில்லாத வேலை என்கிறான், நீ அந்த மனுசன் பாடினதே அநியாயம் என்கிறாய், கடைசியில் இரண்டு பேருமாக என்னிடம் தீர்ப்புக்கு அனுப்பியிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் தங்கச்சியின் மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது என்பதற்காக. அவனுக்காக நான் தீர்ப்புச் சொல்ல ஏலாது. என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

2013இல் நடந்த கதை அது. உங்கள் கனடா ராப் பாடகர் ட்ரேக்கின் பாட்டு ஒன்றில் கோல் வந்து பாடிய பகுதியில், தன் திறமையைப் பெருமையடித்துக்கொண்டு, மற்றவர்களை மட்டம் தட்ட ஓட்டிசத்தை ஒரு வசையாக எடுத்துப் பாவித்தார். அதைக் கேட்டு இங்கிலாந்தில் அன்னா கென்னடி என்ற ஒரு தாய் கையெழுத்து வேட்டை தொடங்கினார். அவருடைய மகன்மார் இருவரும் ஓட்டிசம் உள்ளவர்கள். பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்ததால் தானே நின்று ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய மனுசி அவர், லேசில் விடுகிற ஆள் இல்லை. ஜூலையில் கோல் தன் இணையப் பக்கத்தில் நீளமாக ஒரு கடிதம் போட்டார். ட்ரேக்கும் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டு, அந்த வரியைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

கோலின் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் வழவழா இல்லை. நம்முடைய சினிமாக்காரர்கள் மன்னிப்புக் கேட்கிற விதம் உனக்குத் தெரியும்தானே: "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." அதாவது நான் ஒன்றும் செய்யவில்லை, உன் மனம்தான் போய்ப் புண்பட்டுக்கொண்டது. கோல் அப்படி எழுதவில்லை. நான் சொன்னது பிழை, எனக்கு வெட்கமாக இருக்கிறது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நேரே எழுதினார். அதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார்: ராப் பாடகர்களைப் பிடித்து வைத்து மன்னிப்புக் கேட்க வைக்கிற இந்த வழக்கத்தில் தனக்கு எரிச்சல்தான், ராப்பும் பகிடிக் கலை மாதிரி, சிலவேளை எல்லை தாண்டத்தான் செய்யும், விளம்பரக் கொம்பனி ஓடிப்போகாமல் இருக்கிறதுக்காகக் கேட்கிற மன்னிப்பில் தனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் இது அப்படியில்லை என்று. அந்த வருஷத்தை நினைத்துப்பார். மே மாதத்தில்தான் மவுண்டன் டியூ சோடாக்காரர் ராப் பாடகர் லில் வெய்னைக் கைவிட்டார்கள், 1955இல் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமட் டில்லைப் பற்றி அசிங்கமாகப் பாடியதற்காக. அதனால் கோல் எழுதியதைச் சும்மா பாசாங்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எரிச்சலையும் சொல்லி மன்னிப்பையும் கேட்கிற ஆளை நம்பலாம். உன் மகனிடம் இதைச் சொல்லு: கோல் அவனுடைய கட்சியையும் அந்தக் கடிதத்திலேயே பேசிவிட்டார், பேசியபிறகும் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் முழுக்கப் பிடித்ததா என்றால் இல்லை. ஓட்டிசத்தை "வென்று" வருகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் பதக்கம் கொடுக்க வேண்டும் என்ற மாதிரி ஓரிடம் வருகிறது. ஓட்டிசம் உள்ளவர்கள் கனகாலமாகச் சொல்லி வருகிறார்கள், இது வெல்லுகிற வருத்தமில்லை, நாங்கள் பிறந்த விதம் இது என்று. ட்ரேக் இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களுக்கு அபார மூளையும் கற்பனையும் இருக்கிறது என்ற மாதிரிச் சொன்னார். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பெடியனுக்கு அபார மூளை இல்லை மச்சான். திகதி சொன்னால் கிழமை சொல்லமாட்டான், கணக்கும் வராது. 14 வயதில் சட்டைப் பொத்தான் போடுகிறதுக்கே கரைச்சல்படுகிறான். அவனை ஏளனம் செய்யக்கூடாது என்பதற்கு அவன் விண்ணனாக இருக்கவேண்டிய தேவை என்ன? படத்திலும் நாடகத்திலும் இப்படி ஒரு பிள்ளையைக் காட்டினால் கடைசியில் அது பியானோ வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் புலியாக வேண்டும். இரண்டும் செய்யாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

பாட்டு மட்டும் அவனுக்கு நல்ல விருப்பம். இரண்டு வீடு தள்ளி ஒரு தவில்காரர் இருக்கிறார், பின்னேரத்தில் சாதகம் பண்ணுவார். இவன் போய்ப் பக்கத்தில் குந்தியிருந்து தவிலின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வான், வாசிக்கிற மனுசனும் ஒன்றும் சொல்லமாட்டார், கையை வைக்க இடம்விட்டு வாசிப்பார். அவ்வளவு கிட்ட இருந்தும் அந்தச் சத்தம் அவனை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கோயில் ஒலிபெருக்கி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். ஏன் இது பிடிக்கிறது, அது பிடிக்கவில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை, அவனாலும் சொல்ல ஏலாது.

சில வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு திருவிழா இசைநிகழ்ச்சிக்கு அவனைக் கூட்டிப்போனார்கள். எந்தக் கோயில், எந்தக் குழு என்று எழுதவில்லை, தேவையுமில்லை. பாட்டுத் தொடங்கியதும் இவனுக்குச் சந்தோஷம், எழும்பிக் கையை உதறி உதறித் துள்ளினான். மேடையில் நின்ற அறிவிப்பாளர் மைக்கில், "அங்க ஒருத்தருக்குச் சாமி வந்திட்டுது, யாராவது வேப்பிலை கொண்டாங்கோ" என்றார். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்தான், எல்லாரும் தன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ. தங்கச்சி அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அடுத்தநாள் அந்தக் குழு நடத்துகிற ஆளுக்குப் போன் போட்டேன். பதில்: "பகிடி தானே அண்ணை, பிள்ளை அப்படி எண்டு ஆருக்குத் தெரியும்?" தெரிந்தால் செய்யமாட்டார்களாம். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத பிள்ளையைப் பற்றி என்னவும் சொல்லலாம் என்றுதானே கருத்து. கோல் அந்த வரியைப் பாடினபோதும் அவருக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் இருந்திருக்காது.

நான் போன் போட்டது தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். "ஏன் அண்ணா ஊரெல்லாம் பறை தட்டுறாய்" என்று ஏசினாள். எனக்கு உண்மையில் சொல்ல இருக்கிறது இதுதான். கோல் நல்லவரா, ராப் அப்படித்தானா என்பதெல்லாம் பிறகு. அவர் மன்னிப்புக் கேட்டதுக்குக் காரணம் யாரோ வாய்திறந்து இது எங்களுக்கு நோகுது என்று சொன்னது. இங்கே சொல்கிறவர்கள் இல்லை. சொன்னால் பிள்ளைக்கு "அது" இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும், பிறகு தங்கச்சிமாருக்குக் கலியாணம் பேசும்போது வரும், உறவுக்காரர் வந்து எந்தக் கோயிலில் என்ன நேர்த்தி வைக்கலாம் என்பார்கள், தாய் கர்ப்பமாக இருக்கும்போது என்ன செய்தாள் என்று விசாரணை வைப்பார்கள். தாய் அன்பு காட்டாததால்தான் இது வருகிறது என்று ஒருகாலத்தில் அமெரிக்காவில் படித்த டொக்டர்மாரே எழுதினார்கள், அது பிழை என்று எப்போதோ தள்ளிவிட்டார்கள், ஆனால் எங்கள் ஒழுங்கையில் இன்னும் அந்தக் கேள்வி நடக்கிறது. இப்போது போனையும் சேர்த்துக் குற்றம் சொல்கிறார்கள். அதனால் தாய்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள், மைக் பிடித்தவர் அடுத்த ஊரில் அதே பகிடியை விடுகிறார்.

இங்கே இலங்கையில் 2009இல் வந்த ஒரு ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று சொல்லியிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் திருவிழாவில் அந்த இரவு எத்தனை வீட்டுக்காரர் இருந்திருப்பார்கள், யோசித்துப்பார். ஒருத்தர்கூட எழும்பவில்லை. கோண்டாவிலில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிவபூமிப் பாடசாலை மாதிரி இடங்களுக்குப் போனால் பெற்றோர் தங்களுக்குள் எல்லாம் கதைப்பார்கள், வெளியில் வந்தால் வாய்மூடிவிடுவார்கள். தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்களும் குறைவு, கிடைத்த ஒரு ஆளைப் பகைக்கக்கூடாது என்கிற பயமும் உண்டு.

அப்புறம் இன்னொன்று, உன் மகனுக்குப் பிடிக்கும். 2024 ஏப்ரலில் கோல் இன்னொரு மன்னிப்புக் கேட்டாரே, அமெரிக்காவின் ராலி நகரில் தன் சொந்த இசைவிழா மேடையில், இன்னொரு ராப் பாடகரான கென்ட்ரிக் லாமரைத் தாக்கிப் பாடியதற்காக, பாட்டையும் இறக்கிவிட்டார். அதற்கு ராப் உலகம் அவரைக் கோழை என்று கிழித்தது. தனக்குச் சமமான ஒரு பலசாலியிடம் மன்னிப்புக் கேட்டால் கோழை, பிள்ளைகளிடம் கேட்டால் பெருந்தன்மை. ஏன் என்று அவனைக் கேள். பிள்ளைகளிடம் கேட்டதை ஒரு தருமம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது, கொடுக்கவேண்டிய கடன் என்று எண்ணவில்லை. நான் பிழையாகவும் யோசிக்கலாம், அவனுக்கு ராப் தெரியும், எனக்குத் தெரியாது.

ஒரு ஆள் மன்னிப்புக் கேட்டதால் அடுத்தவர் படித்துக்கொள்வார் என்றும் இல்லை. 2022இல் அமெரிக்கப் பாடகி லிசோ மாற்றுத்திறனாளிகளை நோகடிக்கிற ஒரு சொல்லைப் பாடி, அவுஸ்திரேலியாவில் பெருமூளை வாதம் உள்ள ஒரு பெண் எழுதியதைப் பார்த்துச் சில நாளிலேயே மாற்றினார். சில வாரத்தில் பியோன்சேயின் பாட்டில் அதே சொல். அதையும் பிறகு மாற்றினார்கள். ஒவ்வொரு தரமும் யாரோ ஒருத்தர் புதிதாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

தங்கச்சி இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறாள். போன மாதம் பஸ்ஸில் ஒரு ஐயா இவன் கையை உதறுவதைப் பார்த்து "பிள்ளையை அடக்கி வையுங்கோ" என்றாராம். அவள் "ஓட்டிசம் ஐயா, இது அவன்ர சந்தோசம்" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறாள். ஐயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டாராம். மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பின்சீட்டில் இருந்த ஒரு பொம்பிளை, தன் பேரனும் அப்படித்தான் என்று இறங்கும்வரை கதைத்துக்கொண்டு வந்தாளாம்.

நீ நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய். வரும்போது சத்தத்தைக் குறைக்கிற அந்தக் காதுக்கவசம் ஒன்று வாங்கிக்கொண்டு வா, பாட்டுக் கேட்கிற ஹெட்போன் இல்லை, வேலைத்தளத்தில் போடுகிற மாதிரி, பெரிய பெடியன் அளவு. இங்கே கிடைப்பது தலையை இறுக்குகிறது என்று கழற்றி எறிகிறான். நீலம் வேண்டாம், நீலம் என்றால் தொடமாட்டான். காசு நீ வந்ததும் தருகிறேன், வழக்கம்போல வேண்டாம் என்று சண்டை பிடிக்காதே. மாமரக் கதையையும் அப்போது வைத்துக்கொள்வோம்.

அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லு.

உன் மச்சான்