நவம்பரில் குளத்தை வற்றவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம் மிகப் பழையது. தரையில் கால் வைத்தால் உப்புத்தாள்போல் உரசுகிறது. விளையாடி ஏறும் பிள்ளைகளின் பாதங்கள் சிவந்துபோகின்றன. நிர்வாகக் குழு சீரமைக்க முன்வந்தது நல்ல செய்தி. ஆனால் நவம்பரில் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, பழைய பூச்சின் மேலேயே புதிதாகப் பூசுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். கொத்து வேலையிலேயே காலம் கழித்தவன் நான். இந்த இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை.

கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கொட்டும். நிலத்தடி நீர் ஏறி நிற்கும். ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மண்ணில் இறக்கிக் கட்டிய குளத்தில், அந்த எடைதான் அடியிலிருந்து முட்டும் நீரை அமுக்கி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தரை வெடிக்கலாம். காங்கிரீட் தொட்டியே மேலே எழும்பிவிடலாம். இதற்காகத்தான் தரையில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு வைப்பார்கள். பழைய குளங்களில் அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் மழை குறைவு. அதுவரை பொறுத்தால் என்ன நட்டம்?

அடுத்தது பழைய பூச்சு. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான ஓசை வந்தால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, காங்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் எவ்வளவு உயர்ந்த வெள்ளைச் சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்து பூசினாலும், அடியில் உள்ளது கழன்றால் மேலே உள்ளதும் கூடவே வந்துவிடும்.

பூசுவதற்கு முன் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, நீருக்குள் இருக்கும் குளத்துப் படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தில் கோடு போட்டு, பம்பை நிறுத்தி, மழையில்லாத ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் கசிவுதான். விளக்குப் பொருத்திய இடத்தையும் குழாய் வாய்களையும் அப்போது தேடிப் பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிர்வாகத்துக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, பெரிய பழுதுவேலைகளுக்காக வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேமநிதி கட்டுகிறோம். இந்த வேலைக்கு அந்தப் பணம்தான் போகப்போகிறது. எனவே வால்வுச் சோதனை, பொள்ளல் பூச்சை அகற்றுதல், கசிவு அடைத்தல் ஆகிய மூன்றையும் குத்தகையாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே குழு கையெழுத்திட வேண்டும்.

ஓய்வுபெற்ற கொத்தனார்,
செந்தூல், கோலாலம்பூர்