சீமோர் உச்சி குடும்ப உலா அல்ல

ஆசிரியருக்கு,

கனடாவின் வன்கூவர் வடகரை மலைகளில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியில் மாட்டும் அகன்ற சட்டம்) அணிந்து நடப்பது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, டாக் மவுண்டன், ஹாலிபர்ன், சீமோர் உச்சி மூன்றையும் குடும்பத்தோடு போகக்கூடிய பாதைகள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. முதல் இரண்டைப் பற்றிப் பெரிய குறை இல்லை. மூன்றாவதை அந்த வரியில் சேர்த்தது ஆபத்து.

டாக் மவுண்டன், சீமோர் வாகனத் தரிப்பிடத்திலிருந்து போய்வர ஏறக்குறைய 5 கி.மீ.; ஏற்றம் சொற்பம். வழியில் வரும் ஃபர்ஸ்ட் லேக் ஏரியைக் குறுக்கே வெட்டாமல் கரையோரமாகப் போனால் போதும். பருவத் தொடக்கத்தில் மேலே பனி மூடியிருக்கும். அடியில் ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஹாலிபர்னுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அங்கே சறுக்குவோருக்காகச் சீர்செய்த தடங்களை மிதிக்காமல், ஓரமாகக் குறியிட்ட நடைபாதையில் ஏற வேண்டும்.

சீமோர் உச்சிக்கும் (1,449 மீ.) டாக் மவுண்டனுக்குப் போகும் அதே தரிப்பிடத்திலிருந்துதான் கிளம்புகிறோம். குழப்பமே அதனால்தான். வழியில் உள்ள பம்ப் பீக் சிகரத்தைத் தாண்டினால் செங்குத்துச் சரிவுகளைக் குறுக்கே கடக்க வேண்டும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் கிளம்பும். அவலாஞ்ச் கனடா அமைப்பு வெளியிடும் பனிச்சரிவு முன்னறிவிப்பை அன்று காலையிலேயே பார்க்காமல் அங்கே போகக் கூடாது. அபாயம் ஐந்து படிகளில் தரப்படுகிறது. நடுவில் இருக்கும் 3 என்பது ‘பரவாயில்லை’ என்று பொருள்படாது. டிரான்சீவர் (பனியில் புதைந்தவரைச் சமிக்ஞையால் கண்டுபிடிக்கும் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் கொண்டுபோய் அவரே புதைந்துவிட்டால்?

கருவி வாடகைக்கு எடுப்பவர்கள் நீளமான ஸ்னோஷூவைத்தான் கேட்கிறார்கள். கடலோரப் பனி ஈரமானது, கனமானது. அதில் மிதப்பதற்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. சராசரி எடைக்கு 22 அல்லது 25 அங்குலம் போதும். பார்க்க வேண்டியது அடியில் உள்ள பற்களை. விளிம்பு நெடுகிலும் பல் இல்லாதது பக்கச் சரிவில் வழுக்கும். வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும் நாளில் பற்களுக்கு இடையே பனி உருண்டையாய் ஒட்டிக்கொள்ளும். கைத்தடியால் அவ்வப்போது தட்டிவிட வேண்டும். கூட்டம் மிதித்து இறுகிய பாதைக்கு மைக்ரோஸ்பைக்கே (காலணியில் மாட்டும் சிறு முட்கள்) நல்லது.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6, 7 பாகை குறையும். கீழே மழை என்றால் மேலே ஈரப்பனி. அதில் ஜீன்ஸ் நனைந்தால் காயாது.

வழி தவறுவோர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே நகர விளக்கு தெரிகிறது என்று ஓடை வழியே இறங்குவது. இந்த மலைகளின் ஓடைகள் போகப் போக ஒடுங்கி, அருவியிலோ பாறை விளிம்பிலோ முடிகின்றன. கைபேசிச் சமிக்ஞையும் அங்கே போய்விடும். தன் தடத்தைப் பார்த்து வந்த வழியே மேலே ஏற வேண்டும். தடமும் மூடிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று 911 அவசர எண்ணை அழைக்க வேண்டும். செலவுக்குப் பயந்து சிலர் இருட்டும்வரை அழைப்பதில்லை. இந்தப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் தேடி மீட்பதற்குக் கட்டணம் இல்லை. வருவது நார்த் ஷோர் ரெஸ்க்யூ என்ற மீட்புக் குழுவின் தொண்டர்கள். டிசம்பரில் மாலை 4.15 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். தலைவிளக்கு தனியாக வேண்டும். கைபேசி வெளிச்சத்தில் நடந்தால், உதவி கேட்கும் நேரத்தில் அதில் மின் இருக்காது.

சீமோர் உச்சியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பள்ளி விடுமுறைக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வட வன்கூவர்