வீட்டுக் கணினியில் ஸ்கிரீன் சேவர்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

கணினி அறையில் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும் ஸ்கிரீன் சேவரை (கணினியைத் தொடாமல் விட்டால் திரையில் தானாக ஓடும் காட்சி) பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதையே வீட்டிலும் கேட்கிறார்கள். சிலர் ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டரில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டும் வருகிறார்கள். ஆசையில் தப்பில்லை, கோப்பு வரும் வழியில்தான் ஆபத்து. 'எஸ்சிஆர்' (.scr) என்று முடியும் கோப்பு படம் அல்ல, அது ஒரு முழு புரோகிராம். 'சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்' என்றாலும் அது ஓடிவிடும், வைரஸ் இருந்தால் அப்போதே இறங்கிவிடும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால் 'கோலம்.ஜேபிஜி' என்று தெரிவதன் பின்னால் 'எஸ்சிஆர்' ஒளிந்திருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

வெளியே தேடவே வேண்டாம். விண்டோஸிலேயே மிஸ்டிஃபை, ரிப்பன்ஸ், பபிள்ஸ் இருக்கின்றன. ஸ்டார்ட்டில் 'ஸ்கிரீன் சேவர்' என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் பெட்டியில் மிஸ்டிஃபை தேர்ந்தெடுத்து, 'வெயிட்' நேரத்தை 5 நிமிடம் வைத்து ஓகே கொடுங்கள். இவ்வளவும் செய்தும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பவர் செட்டிங்கில் திரை 3 நிமிடத்தில் அணைகிறது, ஸ்கிரீன் சேவரோ 5 நிமிடத்துக்குக் காத்திருக்கிறது. திரை அணையும் நேரம் அதைவிடக் கூடுதலாக, 10 நிமிடமாக இருக்கட்டும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் உள்ள லேப்டாப்புக்கு எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. புரோகிராமர் ஜேமி ஜவின்ஸ்கி 1992-இல் தொடங்கியது. இன்று 200-க்கு மேல் வடிவங்கள். லினக்ஸில் மென்பொருள் நிறுவ உதவும் சினாப்டிக்கில் பெயரைத் தேடி, கூடவே 'டேட்டா எக்ஸ்ட்ரா', 'ஜிஎல் எக்ஸ்ட்ரா' இரண்டையும் சேர்த்து நிறுவுங்கள். அவை இல்லாவிட்டால் பாதி வடிவங்கள் வராது. விண்டோஸுக்கு அவர் இதை வெளியிடவில்லை, ஆகவே அந்தப் பெயரில் விண்டோஸுக்கு என்று எது வந்தாலும் தொடாதீர்கள்.

எக்ஸ்ஸ்கிரீன்சேவரில் ஸ்பைரோகிராஃப் என்றொரு வடிவம் உண்டு. பிள்ளைகள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பல்வளையத்துக்குள் சிறு பற்சக்கரம் உருண்டு பூப்போல் வரையும் விதம் அது. வளையத்தில் 96 பல், சக்கரத்தில் 36 பல் என்றால் மீப்பெரு பொதுக் காரணி 12. 96-ஐ 12-ஆல் வகுத்தால் 8, அதுதான் இதழ்களின் எண்ணிக்கை. 36-ஐ வகுத்தால் 3, அத்தனை சுற்றில் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். 36-க்குப் பதில் 35 வைத்தால் பொதுக் காரணி 1 ஆகிவிடும், 96 இதழ் வரும்.

இதே கணக்கு நம் வாசலிலும் இருக்கிறது. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கும் மேல் கீழ்ப் புள்ளிகளுக்கும் நடுவில் எல்லா இடத்திலும் இழை வெட்டிப் போகும்படி சிக்குக் கோலம் போட்டால், கை எடுக்காமல் ஒரே இழையில் முடியும். 4-க்கு 4 வைத்தால் 4 தனி இழை, 4-க்கு 6 வைத்தால் 2. புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணிதான் இழைகளின் எண்ணிக்கை. அம்மாவும் ஆச்சியும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருதரம் போட்டுக் காட்டுங்கள். பாடத்தில் இந்தக் கணக்கு வரும்போது அவனுக்கு அது புதிதாக இராது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கிராட்ச் என்ற, பிள்ளைகளுக்கான புரோகிராம் எழுதும் மென்பொருளில் தாங்களே வரையலாம். பேனா நீட்சியைச் சேர்த்து, '150 நகர், 145 பாகை திரும்பு' என்பதை 72 முறை திரும்பச் செய்தால் நட்சத்திரம் மூடும். 145-ஐ 144 ஆக்கினால் வெறும் ஐந்து முனைதான் வரும். ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

மூன்று எச்சரிக்கை. ஸ்கிரீன் சேவர் கரண்டை மிச்சப்படுத்தாது. பழைய குழாய்த் திரையில் ஒரே படம் நின்று தடம் பதியாமலிருக்க வந்த ஏற்பாடு அது. இன்றைய பெரும்பாலான திரைகளுக்கு அந்தத் தேவை இல்லை, நெடுநேரம் எழுந்து போவதானால் அணைத்துவிடுங்கள். முப்பரிமாண வடிவங்கள் பழைய லேப்டாப்பை நன்றாகச் சூடாக்கும், மெத்தையிலோ மடியிலோ வைத்து ஓட்டக் கூடாது. வலிப்பு வரும் பிள்ளைகள் இருந்தால் பளிச் பளிச்சென்று வேகமாக மின்னும் வடிவங்களை வைக்கவே வேண்டாம். எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பள்ளிக் கணினிகளிலும் அவற்றை எடுத்துவிடுவோம்.

இதற்கென்று யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். லேப்டாப்பையும் சார்ஜரையும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால் கணினி ஆசிரியர் நிறுவித் தருவார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்