ரத்தம் வராததுதான் கவலை

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். சம்பா அறுவடை பாதி முடிந்தது. ஈரப்பதம் 17-க்கு மேல் என்று கொள்முதல் நிலைய வாசலில் நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

"ஈறுல ரத்தமே வரல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு அப்பாகிட்ட சொல்லிடு" என்று அவளிடம் சொன்னாயாம். பொங்கலுக்கு வந்தபோது கீழ் முன்பற்களின் உள்பக்கம் பழுப்பாகக் காரை படிந்திருந்தது. கரும்பை இடப்பக்கமே வைத்துக் கடித்தாய். இவ்வளவு இருந்தும் ரத்தம் வரவில்லை என்றால் எனக்குக் கவலை கூடத்தான் செய்கிறது.

ஈறு கெடுவதற்கு முதல் எச்சரிக்கையே ரத்தம்தான். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. அந்தக் கட்டம்வரை எதுவும் கைமீறிப் போவதில்லை. அடியில் எலும்பு கரைய ஆரம்பித்தால், போனது பெரும்பாலும் போனதுதான். தூணைச் சுற்றி மண் அரித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டாம். உன் கணக்கை நம்பிப் பதினாறு மாடி எழுப்புகிறார்கள், எனக்கு அதில் பெருமைதான். அப்படிப்பட்டவன் தன் வாயை அளந்து பார்க்காமலே "ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லலாமா?

அழுக்கு இருந்தும் ரத்தம் வராதவர்கள் உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு ஈறின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கி, எச்சரிக்கை அமுங்கிப் போகும். வெளியே ஈறு வெளிறி, கெட்டியாக, நன்றாகவே தெரியும். உள்ளே பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை மாதிரி விழும் இடைவெளி ஆழமாகிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்து வயற்காட்டில் வெற்றிலையோடு வேதாரண்யம் புகையிலை அடக்குபவர்களுக்குச் சேதம் வேறு மாதிரி: அடக்கும் இடத்தில் ஈறு கீழிறங்கி வேர் தெரியும், புற்றுநோய் பயமும் சேரும். சிகரெட்டில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இருக்காது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 480 பேரை 1970-லிருந்து 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததும் அதே லோ குழுதான். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. எல்லோர் வாயிலும் அழுக்கு, காரை. ஆனால் 100-க்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 8 பேருக்கு வேகமாக அரித்து, 35 வயதில் பல்லின் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டது. நீ எந்தக் கூட்டம் என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. நம் வீட்டில் தாத்தாவும் பெரியத்தையும் எந்தக் கூட்டம் என்று உனக்கே தெரியும்.

அதனால் அளந்து பார்க்கச் சொல். வெறுமனே "க்ளீனிங்" என்று போய் உட்காராதே. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளவுக் கம்பியை மெல்ல விட்டு, மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல். 3 வரை பயமில்லை. 4, 5 என்றால் பை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் எலும்பு எக்ஸ்ரே பார்த்தே ஆகவேண்டும். கூடவே ஹெச்பிஏ1சி எடு, அது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை. 2018-ல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில் நோய் எவ்வளவு வேகமாக வளரும் என்று மூன்று தரம் பிரிக்கிறார்கள். ஹெச்பிஏ1சி 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றாலும், ஒரு நாளைக்கு 10 சிகரெட் அல்லது அதற்கு மேல் என்றாலும் மோசமான தரத்துக்குப் போய்விடும். 10-க்குக் கீழே இருந்தாலும் நல்ல தரத்தில் வைக்கமாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சுமார் 0.4 இறங்குகிறது என்பதும் ஆராய்ச்சியில் உறுதியானது.

பை இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் வரை சுரண்டவேண்டும். முடிந்ததும் பல் கூசும், இடைவெளி தெரியும், "க்ளீன் பண்ணினதால பல்லு ஆடுது" என்று உன் சித்தப்பா மாதிரிச் சொல்லத் தோன்றும். வீக்கம் வடிந்து, காரை அடைத்திருந்த இடம் காலியானதால் அப்படித் தெரிகிறது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்கவேண்டும். அப்போதும் 6-ல் நிற்கும் இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் பேச்சு வரும். சுரண்டாமல் மாத்திரை மட்டும் விழுங்குவது வீண், கிருமிகள் படலமாக ஒட்டியிருக்க மருந்து உள்ளே போய்ச் சேராது. நீயாக மருந்துக்கடையில் மெட்ரானிடசோல் மாதிரிக் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிப் போடாதே. குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல் கறைபடும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் போட்டு அரைமணி நேரம் கழித்துக் கொப்பளி, உடனே கொப்பளித்தால் மருந்தின் வேலை கெடும்.

புகை பிடிப்பவர்களுக்கு இந்த வைத்தியம் முழுப் பலன் தராது, பை குறைவது குறைவு. விட்டால் ஈறு தேறும். விட்ட முதல் சில வாரங்களில் ரத்தம் முன்பைவிட அதிகம் வரலாம். குழாய்கள் திரும்ப வேலை செய்கின்றன என்று அர்த்தம். பயந்து திரும்ப ஆரம்பித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

உன்னை நான் எதுவும் கேட்கவில்லை, தம்பி. டாக்டர் கேட்பார், ஒரு நாளைக்கு எத்தனை என்று. அவரிடம் சரியான எண்ணைச் சொல். குறைத்துச் சொன்னால் அவர் போடும் கணக்கும் தப்பும், வைத்தியமும் தப்பும்.

அம்மா அனுப்பும் பொடி பார்சலில் பல்லிடுக்கு பிரஷ் இரண்டு அளவில் வைத்திருக்கிறேன். இடுக்கில் லேசாகப் பிடித்துக்கொண்டு போகிற அளவுதான் சரி. வழுக்கிப் போனால் சிறிது, வளைந்தால் பெரிது. ராத்திரி ஒரு தடவை போதும். துலக்கும்போது மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 பாகை சாய்த்து, அந்த இடத்திலேயே சின்னதாக அசை. தேய்த்து இழுக்காதே.

அளவெடுத்த தாளைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. அதில் டாக்டர் வேறு எது எழுதியிருந்தாலும் அம்மாவிடம் காட்டமாட்டேன். பங்குனித் திருவிழாவுக்கு வரும் முன்பே போய்வா.

அன்புடன்,
அப்பா