அப்பாவுக்கு, போட்ஸ்பியோர்டிலிருந்து

யேசு மரி சூசை துணை

போட்ஸ்பியோர்ட், நோர்வே
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் நலமாக இருக்க யாகப்பரை வேண்டிக்கொள்கிறேன். புரட்டாதியில் நீங்கள் எழுதிய கடிதம் ஐப்பசி நடுவில் கிடைத்தது. தொலைபேசியில் "எல்லாம் சுகம்" என்பதோடு அம்மாவிடம் கொடுத்துவிடும் நீங்கள் நீல மையில் நான்கு பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்தபோதே, பதிலைத் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது. அப்படியிருந்தும் ஐந்து கிழமை தள்ளிப்போட்டுவிட்டேன். தம்பி கேட்ட விடயத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாததுதான் காரணம். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூரியன் இனிப் பொங்கல் கழிந்து சில நாளில்தான் தலைகாட்டும். நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமாக வெளுக்கும், பிறகு மறுபடியும் இருட்டு. தனி ஆளுக்கு எதற்கு என்று ஓர் அறைக்கு மட்டுமே சூடு போடுகிறேன். அது தாராளமாகப் போதும். வேலையும் நன்றாகத்தான் இருக்கிறது. பாரென்ட்ஸ் கடலில் அடுத்த ஆண்டு பிடிக்கக்கூடிய கோட் மீனின் அளவை நோர்வேயும் ரஷ்யாவும் 340,000 தொன்னாகக் குறைத்துவிட்டன. 1991க்குப் பிறகு இவ்வளவு குறைவாக விதித்ததில்லை. இப்போதே மீன் குறைவாக வருவதால் எங்களுக்குக் கிழமையில் ஒரு நாள், சில கிழமைகளில் இரண்டு நாள், ஓய்வு கிடைக்கிறது. நித்திரை கொள்ள நல்லது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

"சீல் என்றொரு மிருகம் அங்கே மீனையெல்லாம் தின்று முடிக்கிறதாமே, நம் ஓங்கலைப் போல வலையையும் கிழிக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். கிழிக்கும், அப்பா. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அவர் சாமி என்ற இந்த வடபகுதிப் பழங்குடி இனத்தவர், தானா ஆற்றங்கரையில் பிறந்தவர். பனி கொட்டிய இரவுகளுக்கு மறுநாள் விடியப்புறமே மண்வெட்டியோடு வந்து என் வாசற்படியைத் துப்புரவாக்கிவிட்டு, நான் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் முகம் பாராமல் போய்விடுவார். நன்றி சொன்னால் கோபம் வரும். ஒன்றரை ஆண்டு அயலில் இருந்த பிறகுதான், போன ஆவணியில், தன் வீட்டுக் குசினிக்குள் என்னை இருத்தி ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்தார். பெட்டி நிறையச் சிறு காகித உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சல்மன் மீனின் நாலைந்து செதில்கள். மேலே பென்சிலால் தேதி, எடை, ஆணா பெண்ணா, எந்த மடுவில் பிடித்தது என்ற விவரம். தானாவில் மீன் பிடித்தவர்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்களுக்கு இப்படிச் செதில் எடுத்துக் கொடுத்துவந்தார்கள். பாட்டி கொடுத்தது போகத் தனக்கென்றும் வைத்திருக்கிறார்.

ஒரு செதிலை ஈரப்படுத்திப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். வெட்டிய மரத்தில் இருப்பது போல வட்டத்துக்குள் வட்டம். நடுவில் நெருக்கமாக இருப்பவை குஞ்சாக ஆற்றில் கிடந்த காலம். தண்ணீர் குளிர், தீனி குறைவு, ஆகவே ஒரு சாண் நீளம்கூட வளர நாலைந்து ஆண்டு. அதன் பிறகு வட்டங்கள் திடீரென்று அகலும். அங்கேதான் அது கடலுக்குப் போயிருக்கிறது. கடலில் ஓராண்டு தொடக்கம் நாலாண்டு வரை தின்று கொழுத்து, தான் பொரித்த அதே கிளையாற்றை மணத்தால் தேடித் திரும்பி வருகிறது. வந்த பிறகு தீனி எடுப்பதில்லை. முட்டையிட்டு உயிரோடு கடலுக்குத் திரும்பிய மீனின் செதில் ஓரம் அரித்துப்போய் இருக்கும். பாட்டி காட்டிய ஒரு செதிலில் அந்த அரிப்பு இரண்டு இடத்தில் இருந்தது. "இவள் மூன்றாம் முறை வந்தவள்" என்றார், நம் ஊரில் மூன்றாம் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தவளைச் சொல்வது போல.

நோர்வேஜியர்கள் சல்மனை லக்ஸ் என்கிறார்கள். சாமி மொழியில் லுவொஸ்ஸா என்பது பொதுப்பெயர்தான். ஓராண்டு கடலில் இருந்து வரும் சிறியது டிட்டி, பெரிய பெண் டுவ்வி, கிழட்டு ஆண் வேறு பெயர். நூறு ஆண்டுக்கு முன் இந்த ஆற்றில் தூண்டிலில் 36 கிலோ மீன் ஒன்று அகப்பட்டதாம். அதே தானாவில் 2021 தொடக்கம் சல்மன் பிடிப்பது முற்றாகத் தடை. இந்த ஆண்டு ஆனி மாதம் நாட்டின் மற்றப் பகுதிகளிலும் 33 ஆறுகளைப் பருவத்தின் நடுவிலேயே மூடினார்கள். பாட்டியின் குளிர்ப்பெட்டியில் 2020இல் பிடித்த மீனின் ஒரு துண்டு தாளில் சுற்றிக் கிடக்கிறது. அதை அவர் சமைப்பதுமில்லை, எறிவதுமில்லை.

யார் தின்றது என்று கேட்டால் ஆற்றங்கரை முழுவதும் சீலைத்தான் காட்டுகிறார்கள். புரட்டாதியில் சின்ன மாமாவின் காரில் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு, மலைக்கு மேலால் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஆற்றின் கழிமுகத்துக்குப் போனோம். வற்று நேரம். மணல் திட்டில் சாக்கு மூட்டைகளை வரிசையாகப் போட்டது போல சீல்கள் கிடந்தன. தலையையும் வாலையும் மேலே தூக்கி வாழைப்பழம் போல வளைந்துகொண்டு. அப்பு தன் காலத்தில் கண்டதாகச் சொல்லும் ஆவுளியாவின், அந்தக் கடற்பசுவின், உடம்புக்கு நாயின் முகத்தை வைத்தால் எப்படியோ அப்படி. திட்டுக்கு அப்பால் தண்ணீர் முழுக்க ஒரு வகைத் தாரா, ஆயிரக்கணக்கில், இறகு மாற்றுவதற்காக ஐரோப்பாவின் பல பக்கத்திலிருந்தும் வந்து கூடுபவை. அதன் நோர்வேஜியப் பெயரே சல்மன் தாரா என்பதுதான். சல்மன் குஞ்சைத் தின்பதாக அதன்மேலும் ஒரு பழி உண்டு. ஆக, இரண்டு குற்றவாளிகளும் வெட்டவெளியில் இருந்தார்கள். சீலை ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிச் சுடுவதற்கு இங்கே அனுமதி உண்டு. இன்னும் கூடுதலாகச் சுட வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு.

சின்ன மாமா மட்டும் சிரித்தார். அவர் 1987இல் இங்கே வந்தபோது வடக்கே பனிக்கடல் பக்கமிருந்து வேறு வகைச் சீல்கள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வந்து, கோட் வலைகளில் பல்லாயிரக்கணக்கில் மூழ்கிச் செத்தனவாம். வலையை இழுத்தால் மீன் இல்லை, சீல்தான். அப்போதும் எல்லாரும் சீலைத் திட்டினார்கள். ஆனால் அவை தின்னும் லொட்டெ என்ற சிறுமீன் பாரென்ட்ஸ் கடலில் அடியோடு குறைந்துபோயிருந்தது. பசியோடு வந்தவை அவை.

கடலில் பிழைக்கும் குஞ்சுகள் குறைந்துவிட்டதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் முதலில் சொல்கிறார்கள். கடல் சூடாகிறது, தீனி இடம் மாறுகிறது. தெற்கே கூண்டுகளில் வளர்க்கும் சல்மனிலிருந்து பேன் பரவி, ஆற்றிலிருந்து இறங்கும் குஞ்சுகளையும் கரையோரமாகவே திரியும் கடல் ட்ரவுட் மீனையும் அரிக்கிறது. தப்பி ஓடிய கூண்டு மீன் காட்டு மீனோடு கலந்து வம்சத்தைக் கெடுக்கிறது. தானாவில் அதைவிட முன்னால் நடந்தது, முட்டையிட மிஞ்ச வேண்டிய மீனையும் பல ஆண்டுகளாகப் பிடித்தது. அந்த ஆற்றில் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி வம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிளையாறு. எல்லாம் ஒரே வாயால் நுழைவதால், வலை போடுகிறவனுக்கு எது நிறைய இருக்கும் வம்சம், எது அழியப்போகும் வம்சம் என்று தெரியாது. தண்ணீருக்கு மேலே தலை தெரிவது சீலுக்கு மட்டும்தான், அப்பா. அதனால் பழியும் அதற்கு.

இதற்குள் ஒற்றை ஆண்டுகளில் வருகிற முதுகுகூனி சல்மன் வேறு. பசிபிக் கடல் மீன். ரஷ்யர்கள் கொண்டுவந்து வெள்ளைக்கடல் பக்கத்து ஆறுகளில் விட்டது. 2023இல் நோர்வே ஆறுகளிலிருந்து இதை 3 இலட்சத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். மாமாவோடு வெஸ்த்ரே யாக்கப்செல்வ் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தேன். ஆற்றுக்குக் குறுக்கே வேலி, நடுவில் கூடு. ஊர்க்காரர் சம்பளமில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து, வாலில் பெரிய கரும்புள்ளி இருந்தால் பெட்டிக்குள், இல்லாவிட்டால் மேல் தண்ணீருக்குள் விடுகிறார்கள். விட்டுவைத்தால் முட்டையிட்டு அத்தனையும் செத்து ஆற்றிலேயே அழுகும். இரண்டு மீன் எனக்கும் தந்தார்கள். அம்மா அனுப்பிய தூளில் குழம்பு வைத்தேன். ஆற்றில் சில நாள் கிடந்ததாக இருக்க வேண்டும். சதை கரைந்து குழம்போடு போய்விட்டது. அறக்குளாவைத் தின்ற வாய்க்கு அது மீனே அல்ல.

அந்த வேலியையும் கூட்டையும் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், சொல்லவேண்டாம் என்றிருந்தேன், கண் கலங்கிவிட்டது. நம்முடைய களங்கட்டி அப்படியே. பாட்டியின் தகப்பனாரும் தானாவில் தடி நட்டுக் கிளை செருகி இப்படியொரு கட்டு வைத்திருந்தவர், பாட்டி படத்தைக் காட்டினார். தடியைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் அந்த மனிதர் முகத்தைத் தவிர மற்றபடி நீங்கள்தான். விடியப்புறம் உங்களோடு களங்கட்டி பார்க்கப் போய், றாலும் நண்டும் ஓராவும் கொண்டுவந்து, அம்மா ஒடியல் கூழ் காய்ச்சி, பிலாவிலையில் குடித்தது எந்த வருடம் கடைசி? எண்ணிப் பார்க்கப் பார்க்கத் தவறிப்போகிறது. இங்கே யாரோடும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டில் மட்டும்தான். சரி, அது போகட்டும்.

தம்பியின் விடயம். இழுவைமடிப் படகில் பங்கு வாங்க ஆறு இலட்சம் கேட்கிறான். நான் அனுப்பப் போவதில்லை. காசு இல்லை என்பதல்ல காரணம் என்று அவனுக்குச் சொல்லுங்கள். இந்தியப் படகுகள் வந்து அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகும்போது நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். அவர்கள் செய்வது அநியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2017இல் வந்த சட்டம் இழுவைமடியை எல்லாருக்கும்தான் தடுக்கிறது, அதோடு சாதாழையை வேரோடு வாரிய பிறகு றால் குஞ்சு எங்கே ஒதுங்கும் என்று நீங்களே சம்மாட்டியாரிடம் சண்டை பிடித்தவர். அவனுக்கு அது நினைவிருக்கும். வள்ளத்துக்கு நல்ல பழைய இயந்திரம் ஒன்று வாங்குவதானால் நான் தருகிறேன். தை தொடங்கிச் சித்திரை வரை கோட் பருவம், அப்போது மேலதிக நேரம் கிடைக்கும். பாஸ்குவுக்கு முன் பாதியும் பிறகு பாதியுமாக அனுப்பலாம். அதுவரை அவன் யாரிடமும் வட்டிக்கு வாங்கக் கூடாது.

அம்மாவின் கண் சத்திரசிகிச்சையைத் தவணை கிடைத்த நாளிலேயே செய்துவிடுங்கள். மழை என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதக் காசு பத்து நாள் பிந்தி வரும், வங்கியில் ஏதோ தாமதம். களங்கட்டித் தடிகளைக் குஞ்சியப்பு கேட்டாலும் கொடுக்க வேண்டாம்; வேலிக்கு வெட்டிவிடுவார். தங்கச்சி ஒடியல் மா அனுப்புவதானால் இம்முறை இரண்டு பையாகப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்; போன முறை வழியில் பை கிழிந்து, பொதி திறந்தபோது பாதிதான் இருந்தது. பாட்டிக்கும் கொஞ்சம் கூழ் காய்ச்சிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்