பட்டியல் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையச் சுவரையொட்டி நடந்த ஆக்கிரமிப்பு அகற்றம் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படங்களை வெளியிட்டதே தங்கள் அலுவலகம்தான். அவற்றில் தார்ப்பாயோடு சுருட்டப்படும் புத்தகங்கள் என்னுடையவை. பழைய புத்தகம் விற்கிறேன், கதையும் எழுதுகிறேன். இரண்டுமே பெண் கொடுக்க யோசிக்கும் தொழில்கள்.

நடைபாதை நடப்பவர்களுக்கானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எங்களுக்கு எந்த இடம் என்பதை நகர விற்பனைக் குழுவில் பேசிக்கொள்ளலாம், அது கூடினால். இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: எடுத்துச் சென்ற பொருளுக்குப் பட்டியல் கொடுங்கள்.

சாலையோர வியாபாரிகள் சட்டம், 2014 எனக்குத் தெரிந்ததைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியேற்ற 30 நாள் அறிவிப்பு வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. அதைக்கூட விட்டுவிடுகிறேன். பறிமுதல் செய்யும்போதே பட்டியல் தயாரித்து, அதிகாரி கையொப்பமிட்ட நகலை வியாபாரியிடம் தர வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அழுகும் பொருளைக் கேட்ட அன்றே விடுவிக்க வேண்டும். அழுகாத பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள்.

புத்தகம் அழுகாத பொருள் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தங்கள் கிடங்குக்குப் போய்ப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. கூரை இல்லாத இடத்தில், உடைந்த தள்ளுவண்டிகளுக்கும் இளநீர்க் கூடுகளுக்கும் நடுவே கோணிகளை அடுக்கியிருந்தார்கள். இடையில் மழை பெய்திருந்தது. சாதாரணத் தாள் நனைந்தால் உப்பும், கறை படியும். விசிறிக் காய வைத்துப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். வழவழப்பான தாளில் அச்சிட்ட குழந்தைகளின் படப் புத்தகங்கள் அப்படியல்ல. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாக இறுகிவிட்டன. ஒரு பக்கத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். யானையின் பாதி உடம்பு எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது.

எது வந்தது, எது வரவில்லை என்று கேட்டேன். "பட்டியல் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார் அங்கிருந்த ஊழியர். அதை நீங்கள்தானே ஐயா தந்திருக்க வேண்டும் என்றேன். "எடைக்குப் போடுகிற புத்தகம்தானே" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் வேறு விதமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எடைக்குப் போன புத்தகங்களைத்தான் நாங்கள் பழைய பேப்பர் கடைகளில் புரட்டிப் பொறுக்கி எடுத்து வருகிறோம். மறுபதிப்பே காணாத நூலைத் தேடி வருகிறவர்கள், அது அந்தச் சுவரோரம் கிடைக்கலாம் என்று நம்பித்தான் வருகிறார்கள். கோணியில் என் நாவலின் பிரதிகளும் இருந்தன. அவை விற்காதவைதான். ஆனால், அவற்றைக் கெடுக்கும் பொறுப்பை நான் மாநகராட்சியிடம் ஒப்படைக்கவில்லை.

இதே நிர்வாகம்தான் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறது. புத்தகத் திருவிழா வந்தால் மேடையேறி, வாசிப்பை வளர்ப்போம் என்கிறது. பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்கிறது. மாலையில் மேடையில் கைமாறும் புத்தகம் காலையில் நடைபாதையில் கிடந்தால் மட்டும் குப்பை லாரியில் ஏறிவிடுகிறது. லாரியில் ஏற்றுகிறவர்களிடமாவது ஒரு புத்தகம் கொடுங்கள். அந்த 2014ஆம் ஆண்டுச் சட்டமே போதும், மெலிந்த புத்தகம்தான்.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறேன். இனி எந்த வியாபாரியின் பொருளை எடுத்தாலும், அது செருப்பானாலும் சீப்பானாலும், பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு எடுக்கும்படி மண்டல அலுவலர்களுக்குத் தாங்கள் எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். கிடங்கில் ஒரு மூலைக்காவது கூரை போட வேண்டும். என்னுடைய மீதிக் கோணிகளை எந்த நாளில், யாரிடம் வந்து பெற்றுக்கொள்வது என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். விதிப்படியான கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
பேருந்து நிலையச் சுவரோரப் புத்தக வியாபாரி