அந்தமானுக்குக் கப்பலும் போகிறது, அதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அந்தமான் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் விமானம், ரிசார்ட், தனியார் சொகுசுப் படகு என்று கணக்குப் போட்டு ஆளுக்கு அரை லட்சம் வேண்டும் என்று முடித்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் படித்துவிட்டு, "நமக்கெல்லாம் எட்டாத ஊரும்மா அது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஜனவரியில் நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் ஆளுக்கொரு முதுகுப் பையோடு போய் வந்தோம். கடலில் மூன்று நாள், தீவுகளில் ஆறு நாள், எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருபதாயிரத்துக்குள் முடிந்தது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் போகிறது என்பதே நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. (2024-இல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்களோடு வந்த தீவுக்காரர்கள் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொன்னார்கள்.) ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், 60 மணி நேரம். பங்க் வகுப்பு என்பது ஒரு பெரிய கூடம், ரயிலில் இருப்பது போல மேலும் கீழுமாகப் படுக்கைகள், குழந்தைகள் அழுகை, எண்ணெய் வாசனை, இரவெல்லாம் இன்ஜின் சத்தம். முதல் ராத்திரி என் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. எலுமிச்சம்பழமும் இஞ்சி மிட்டாயும் இல்லாமல் யாரும் ஏறாதீர்கள். மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போய்க் காற்றில் உட்கார்ந்தாள், சரியாகிவிட்டது.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தோம். பழைய சேலையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு அம்மிக்கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் நாலைந்து முருங்கைப் போத்து. திருச்சியில் அக்கா வீட்டிலிருந்து கொண்டு போகிறாராம். அவர் ஊர் நிக்கோபாரில் கச்சால். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள், அப்படிப் போன குடும்பம். போர்ட் பிளேரில் இறங்கி, அப்புறம் அங்கிருந்து இன்னொரு கப்பல் பிடிக்க வேண்டுமாம், அந்த அம்மியையும் தூக்கிக்கொண்டு. ரெண்டு நாள் எங்களோடு சோறு பகிர்ந்து சாப்பிட்டார். இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போய் இறங்கியிருந்தால் இந்த அம்மாவை நாங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறோம்?

போர்ட் பிளேரில் தமிழ் தெரிந்தால் போதும், கடைத்தெருவில் பாதிப் பேரிடம் பேசிவிடலாம். 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறை பற்றி நீங்களே நன்றாக எழுதியிருந்தீர்கள், அதை விடுகிறேன். ஹேவ்லாக்குக்கும் (இப்போது ஸ்வராஜ் தீவு) நீலுக்கும் (ஷஹீத் தீவு) ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து அரசுப் படகு இருக்கிறது. தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் போவதை இது இரண்டரை மணி நேரத்தில் போகும், ஆனால் கட்டணம் பல மடங்கு குறைவு. ஹேவ்லாக்கில் இறங்கினால் ராதாநகர் கடற்கரைக்கு அரசுப் பேருந்தே போகிறது. நாங்கள் ஐந்தாம் நம்பர் கடற்கரைப் பக்கம் ஒரு மூங்கில் குடிலில் தங்கினோம், கொசுவலையும் மின்விசிறியும் மட்டும்தான். சாப்பாடு கடைத்தெருவில், வங்காளிக் குடும்பங்கள் நடத்தும் கடைகளில், கடுகெண்ணெயில் செய்த மீன் குழம்பும் சோறும். ஒன்று சொல்ல வேண்டும், கடிகாரம் நம்முடையதுதான் என்றாலும் ஊர் அவ்வளவு கிழக்கே இருப்பதால் ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது, அதனால் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது நீல் தீவுதான். வாடகை சைக்கிளிலேயே முழுத் தீவையும் சுற்றிவிடலாம், வழியெல்லாம் காய்கறித் தோட்டம், வாழை, பாக்கு. லட்சுமண்பூரில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால், பாறை இடுக்குகளில் தேங்கிய கண்ணாடித் தண்ணீரில் நீல நிற மீன்குஞ்சுகளும், விரல் நீளக் கடல் அட்டையும், பவளமும் குனிந்தாலே தெரியும். மகள் ஒரு சங்கை எடுத்துப் பையில் போட்டாள். பின்னால் வந்த உள்ளூர்ப் பையன் ஒன்றும் கோபப்படாமல் அதை வாங்கித் திருப்பிக் காட்டினான், உள்ளே ஒரு துறவி நண்டு காலை இழுத்துக்கொண்டு சுருண்டிருந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தோம். காலியாகக் கிடந்தாலும் சங்கு, பவளம் எதையும் அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது, இதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

கப்பலில் கஷ்டமே தேதிதான். ரயில் மாதிரி நிரந்தர அட்டவணை கிடையாது, புறப்படும் நாள் கடைசி நேரத்தில்தான் தெரியும், மாறவும் செய்யும். திரும்பும் கப்பல் நமக்குத் தோதாக அமையாது. நாங்கள் முன்கூட்டியே எடுத்த மலிவான விமான டிக்கெட்டில்தான் திரும்பினோம். இது தெரியாமல் ஒரு ஏஜென்டிடம் போய், கப்பல் டிக்கெட்டுக்கென்று கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இழந்தேன். அந்தத் தகவல் அச்சில் வந்திருந்தால் அவரிடம் போயிருக்கவே மாட்டேன். ரயில் நேரம் மாறினால் முதல் பக்கத்திலேயே போடுகிறீர்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கப்பல் புறப்படும் தேதியையும், முன்பதிவு தொடங்கும் நாளையும் மாதம் ஒருமுறை உள்பக்கத்தில் நாலு வரி போட்டால் என்ன? தீவுக்குப் போகும் நம் மக்களுக்கும் அது உதவும்.

பக்கத்து வீட்டு அண்ணன் இப்போது மனம் மாறி, வீட்டோடு கிளம்பலாம் என்கிறார். மே கடைசியில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் போய் வர வேண்டும். ஏப்ரலில் கப்பல் எப்போது என்று தினமும் என்னிடம் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டிவனம்